இமயக் காடுகளும் பெண்களின் ஆளுகையும்: சிப்கோவுக்கு முன்னும் பின்னும்

சிப்கோ இயக்கம் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுவது ஒரு புகைப்படம்தான். தடித்த மரமொன்றைச் சுற்றிக் கைகோத்து நிற்கும் மலைநாட்டுப் பெண்கள். தலையில் முக்காடு, மூக்கில் வளையம். பாடநூல்களிலும் சுற்றுச்சூழல் நாள் சுவரொட்டிகளிலும் இந்தப் படம் எத்தனையோ முறை அச்சாகிவிட்டது. அந்தப் பெண்களுக்கும் அந்தக் காட்டுக்கும் இடையே இருந்த உறவு ஓர் அணைப்புத்தான் என்றே நாம் நம்பத் தொடங்கிவிட்டோம். அணைப்பு ஒருநாள் நிகழ்வது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளில் அப்பெண்கள் காட்டில் என்ன செய்துகொண்டிருந்தார்கள், எந்தக் கிளையை எப்போது வெட்டலாம், எந்தச் சரிவை எத்தனை மாதம் மூடிவைக்க வேண்டும் என்பதையெல்லாம் யார் முடிவு செய்தார்கள், அந்த முடிவுகளைச் சட்டம் எப்போதாவது ஏற்றுக்கொண்டதா என்னும் கேள்விகளை அப்படம் கேட்பதில்லை. இக்கட்டுரையில் நாம் பேச விரும்புவது அவற்றைப் பற்றித்தான்.

இயற்கை வளங்களைப் பேணிக் கையாளுவதற்கு இன்று நாம் 'மேலாண்மை' என்ற சொல்லை வழங்குகிறோம். அதிலுள்ள 'ஆண்மை' ஆளுந்தன்மையைக் குறிப்பதே தவிர ஆண்பாலைக் குறிப்பதன்று என்று வகுப்பில் மாணவர்க்கு விளக்குவதும் நம் வழக்கம். உத்தராகண்ட் மலைகளின் வனவரலாற்றைப் படிக்கும்போது அந்த விளக்கம் சற்றுத் தடுமாறத்தான் செய்கிறது.

கர்வால், குமாவூன் மலைக்கிராமங்களின் வாழ்க்கை, படிக்கட்டு வயல், மாடு, காடு ஆகிய மூன்றின் பிணைப்பால் ஆனது. அங்கே ஏர் உழுவது ஆணின் வேலை. பெண் ஏர் பிடிப்பதை வழக்கம் தடுத்திருந்தது. ஏர் நீங்கலான ஏனைய யாவும், விதைப்பு, களையெடுப்பு, அறுவடை, எருச் சுமத்தல், மாட்டுக்குப் புல் அறுத்தல், விறகு, தண்ணீர் என, பெண்ணின் தோளிலும் தலையிலும் வந்து சேர்ந்தன. இவற்றில் பெரும்பகுதி காட்டிலிருந்து வருவது. ஓக் இனத்தைச் சேர்ந்த பாஞ்ச் மரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பச்சிலை குளிர்காலத்தில் மாட்டுக்குத் தீவனம். உதிர்ந்த சருகு தொழுவத்தில் பரப்பப்பட்டுச் சாணத்தோடு கலந்து வயலுக்கு எருவாகிறது. விறகு நின்று எரியும். அம்மரத்தின் அடியில் திரளும் மட்கு மழைநீரைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக ஊற்றுகளுக்கு அனுப்புகிறது. கல்லால் கட்டிய 'நௌலா' என்னும் சிறு நீர்த்தொட்டிகளும், 'தாரா' என்னும் ஊற்றுவாய்களும் பாஞ்ச் காட்டின் கீழே வற்றாதிருக்கும் என்பது அந்நாட்டுப் பெண்களின் அறிவு.

அருகிலுள்ள இன்னொரு மரம் சீர் பைன். அதன் ஊசியிலையை மாடு தின்னாது. கோடையில் அது காய்ந்து படுக்கையாய்க் கிடந்து தீப்பிடிக்கும். அதனடியில் புல்லும் பிற செடிகளும் எளிதில் தழைப்பதில்லை. ஆனால் அதன் தண்டைக் கீறினால் பிசின் வடியும், பிசினிலிருந்து டர்பன்டைன் கிடைக்கும், மரமும் நேராக வளரும். வனத்துறையின் கணக்கேட்டில் பாஞ்சைவிடச் சீர் பைன் மதிப்புடையதாக இருந்ததில் வியப்பில்லை. ஒரே மலைச்சரிவைப் புல்லறுக்கும் பெண்ணும் வன அதிகாரியும் பார்த்தபோது இருவேறு கணக்குகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று மட்டுமே எழுத்தில் இருந்தது.

எழுத்தில் இல்லாத கணக்குக்கும் விதிகள் இருந்தன. மழைக்காலத்தில் புல்வெளிச் சரிவுகளை மூடிவைப்பார்கள். மழை ஓய்ந்தபின் ஊர் குறிக்கும் நாளில்தான் அரிவாளோடு இறங்க வேண்டும். ஒரு வீட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம், எத்தனை நாள் அறுக்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. கிளை கழிக்கும்போது நுனியை விட்டுவைக்க வேண்டும். இந்த ஆண்டு கழித்த பகுதிக்கு அடுத்த ஆண்டு ஓய்வு. காவலுக்கு முறைவைத்துப் போவார்கள், அல்லது வீட்டுக்கு இவ்வளவு என்று தானியம் கொடுத்துக் காவலாள் வைப்பார்கள். சில ஊர்களில் நலிந்துபோன காட்டைத் தேவியிடம் ஒப்படைத்துவிட்டுச் சில ஆண்டுகள் கோடரி படாமல் வைப்பதும் உண்டு. இவ்விதிகளை ஊர்க்கூட்டத்தில் அறிவித்தவர்கள் ஆண்கள். எந்தச் சரிவில் புல் முதிர்ந்திருக்கிறது, யார் வீட்டுப் பெண் நாள் தவறி உள்ளே போனாள் என்பதையெல்லாம் அறிந்திருந்தவர்கள் பெண்கள். அறிவு ஓரிடத்தும் அறிவிப்பு வேறிடத்துமாக இருந்தது என்று சொல்லலாம். வெளியிலிருந்து வேறோர் அதிகாரம் குறுக்கிடாதவரை இந்த இடைவெளி பெரிதாகத் தெரியவில்லை.

1815இல் கூர்க்கர்களை வென்று குமாவூனையும் கிழக்குக் கர்வாலையும் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது. மேற்குப் பகுதி டெஹ்ரி சமஸ்தானமாக நீடித்தது. இருப்புப்பாதைகள் வந்தபோது தண்டவாளத்தின் கீழே கிடத்தத் தேவதாருக் கட்டைகள் பெருமளவில் தேவைப்பட்டன. 1864இல் டீட்ரிக் பிராண்டிஸ் தலைமையில் வனத்துறை அமைந்தது. 1878ஆம் ஆண்டின் வனச்சட்டம் காட்டை அரசின் உடைமையாக்கும் வழியைத் திறந்தது. 1893இல் குமாவூன் பகுதியில் அளவையிடப்படாத நிலம் முழுவதும் அரசின் பாதுகாக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 1911 முதல் 1917 வரையில் அக்காடுகளில் பெரும்பரப்பு ஒதுக்குக் காடாயிற்று. எத்தனை மாடு மேயலாம், எத்தனை தலைச்சுமை எடுக்கலாம் என்று எழுதிக் கொடுக்கப்பட்ட 'சலுகை'யாக மாறியது, அதுவரை வாழ்க்கையாக இருந்தது. வழியில் நிறுத்தி அரிவாளைப் பிடுங்கும் 'பத்ரோல்' என்னும் வனக்காவலர் மலைநாட்டுப் பெண்களின் நாட்டார் பாடல்களில் நிலையான பாத்திரமாகவே ஆகிவிட்டார்.

எதிர்ப்பு வந்தது. 1921 ஜனவரியில் பாகேஸ்வரத்தில் உத்தராயணித் திருவிழாக் கூட்டம் கட்டாயக் கூலியுழைப்புப் பதிவேடுகளைச் சரயு ஆற்றில் எறிந்தது. அவ்வாண்டின் கோடையில் குமாவூன் காடுகள், சிறப்பாகச் சீர் பைன் காடுகள், பல இடங்களில் எரிந்தன. டெஹ்ரி சமஸ்தானத்தில் 1930 மே 30 அன்று திலாரியில் கூடிய மக்கள்மீது மன்னரின் படை சுட்டது. ஆங்கில அரசு 1921இல் அமைத்த குமாவூன் வனக்குறைதீர் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, வணிகப் பயன் குறைந்த காடுகள் வனத்துறையிடமிருந்து விடுவிக்கப்பட்டன. 1931இல் வன பஞ்சாயத்து விதிகள் வந்தன. ஊர் எல்லைக்குட்பட்ட காட்டை ஊரே தேர்ந்தெடுக்கும் குழு காக்கலாம், கட்டணம் வாங்கலாம், தண்டம் விதிக்கலாம் என்னும் ஏற்பாடு இந்தியாவில் வேறெங்கும் அப்போது அந்த அளவில் இல்லாதது. இன்றும் உத்தராகண்டில் 11,000க்கு மேற்பட்ட வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன. அரும்பொருள்தான், அதைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை.

ஆனால் அந்தக் குழுவில் அமர்ந்தவர் யார்? வீட்டின் சார்பாகப் பேசுபவர் வீட்டுத் தலைவர். தலைவர் என்றால் ஆண். அந்த ஆணும் பெரும்பாலும் ஊரில் இல்லை. படிக்கட்டு வயல் ஒரு குடும்பத்தை முழு ஆண்டும் ஊட்டாது. கர்வால் ரைபிள்ஸ், குமாவூன் படைப்பிரிவு, சமவெளி நகரங்களின் உணவு விடுதிகள், அலுவலகக் கடைநிலைப் பணிகள் என்று ஆண்கள் போய்விட்டார்கள். இம்மலைப் பகுதியின் வாழ்வை 'மணியார்டர் பொருளாதாரம்' என்றே அங்குள்ளோர் சொல்வதுண்டு. ஆக, காட்டைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஊரில் இல்லாதவர்களிடமும், காட்டுக்கு நாள்தோறும் போய்வரும் கடமை ஊரில் இருப்பவர்களிடமும் பிரிந்து நின்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உத்தராகண்ட் வனவரலாற்றின் முடிச்சு இதுதான் என்று நாம் கருதுகிறோம்.

அந்த முடிச்சை முதலில் தொட்டவர்களில் இருவர் ஆங்கிலேயப் பெண்மணிகள். காந்தியடிகளின் சீடரான மீராபென், விடுதலைக்குப் பின் பிலங்கனா பள்ளத்தாக்கில் தங்கியிருந்தபோது, பாஞ்ச் மறைந்து சீர் பைன் ஏறிவருவதையும் அதனால் வெள்ளமும் நீரின்மையும் ஒருங்கே வருவதையும் 1950களின் தொடக்கத்திலேயே எழுதினார். அரசு அதைக் கோப்பில் வைத்தது. சரளாபென் வேறு வழியில் போனார். 1946இல் கௌசானியில் அவர் தொடங்கிய லட்சுமி ஆசிரமம் மலைப் பெண்பிள்ளைகளுக்கான கல்விக்கூடம். அங்கே பயின்றவர்களில் ஒருவரான விமலா நௌட்டியால், கட்சி அரசியலை விட்டுவிட்டுக் கிராமத்தில் வந்து வாழச் சம்மதித்தால்தான் மணம் என்று நிபந்தனை விதித்து, 1956இல் சுந்தர்லால் பகுகுணாவை மணந்தார். பகுகுணாவின் பெயரை அறிந்த அளவுக்கு நாம் விமலாவின் பெயரை அறிந்திருக்கவில்லை. 1960களின் நடுவிலிருந்து மலை மாவட்டங்களில் நடந்த சாராயக்கடை மறியல்களில் முன்வரிசையில் நின்றவர்கள் பெண்கள். அவர்கள் ஊர் எல்லை தாண்டிக் கூடுவதற்கும், அதிகாரியிடம் நேருக்கு நேர் பேசுவதற்கும் அங்கே பழகினார்கள். சிப்கோ வானத்திலிருந்து குதித்ததன்று.

1970 ஜூலையில் அலகநந்தாவில் பெருவெள்ளம். பாலங்களும் பேருந்துகளும் ஊர்களும் அடித்துச் செல்லப்பட்டன. மேட்டுச்சரிவுகளில் மரம் வெட்டப்பட்டதற்கும் இந்த அழிவுக்கும் உள்ள தொடர்பை, கோபேஸ்வரத்தில் 1964 முதல் இயங்கிவந்த தசோலி கிராம சுவராஜ்ய சங்கத்தினர் ஊர் ஊராகப் பேசினார்கள். அதன் தலைவர் சண்டி பிரசாத் பட். அந்தச் சங்கம் வேளாண் கருவிகள் செய்யும் சிறு பட்டறை ஒன்றையும் நடத்திவந்தது. கருவி செய்ய 'அங்கு' மரம் கேட்டபோது வனத்துறை மறுத்துவிட்டது. அதே மரத்தை விளையாட்டுக் கருவி செய்யும் அலகாபாத் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கியது. 1973 ஏப்ரலில் மண்டல் காட்டில் கூடிய மக்கள் அந்த நிறுவனத்தைத் திருப்பியனுப்பினார்கள். மரத்தைத் தழுவிக்கொள்ளலாம் என்ற யோசனை அப்போது பிறந்ததுதான். தழுவுதலைக் குறிக்கும் கர்வாலிச் சொல் பின்னர் 'ஒட்டிக்கொள்' என்று பொருள்படும் 'சிப்கோ' என்னும் இந்திச் சொல்லாக மாறியது. இந்தத் தொடக்கம் பட்டறை வேலையும் ஏரும் நுகமும் பற்றியது, அதாவது ஆண்களின் பிழைப்பு பற்றியது. நியாயமான கோரிக்கைதான். பெண்களின் கணக்கு இன்னும் மேடைக்கு வரவில்லை.

அது வந்தது ரேணியில். ரிஷிகங்கா பாயும் பள்ளத்தாக்கில், திபெத் எல்லைக்குச் செல்லும் வழியில் உள்ள சிற்றூர். ஊரார் போட்டியா இனத்தவர்; ஒருகாலத்தில் திபெத்தோடு உப்பும் கம்பளியும் வாணிகம் செய்தவர்கள். 1962 போரோடு எல்லை மூடிக்கொண்டது, வாணிகமும் நின்றது. அதன்பின் காடும் வயலுமே கதி. அருகிலிருந்த லதா ஊரில் பிறந்து ரேணியில் மணமுடித்த கௌரா தேவி இருபத்திரண்டு வயதில் கணவரை இழந்து, ஒரு மகனை வளர்த்துக்கொண்டு, வயலையும் குடும்பத்தையும் தாமே நடத்தியவர். ஊர்ப் பெண்களின் மகிளா மங்கள் தளத்துக்குத் தலைவி. அரசின் சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் உருவான அமைப்புதான் இது. தையலும் சுகாதாரமும் சொல்லித்தர என்று ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். அந்த ஏட்டுச் சங்கத்துக்கு ரேணிப் பெண்கள் வேறொரு வேலையைக் கொடுத்தார்கள்.

1974 ஜனவரியில் டேராடூனில் ரேணிக் காட்டின் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம்போயின. மார்ச் 26 அன்று, போருக்குப் பின் படைக்காக எடுக்கப்பட்ட நிலத்துக்கு இழப்பீடு வழங்குவதாகச் சொல்லி ஊர் ஆண்கள் சமோலிக்கு அழைக்கப்பட்டார்கள். சங்கத் தொண்டர்கள் கோபேஸ்வரத்தில் வன அதிகாரியோடு பேச்சில் இருந்தார்கள். ஊரில் ஆணில்லாத நாளாகப் பார்த்து ஒப்பந்தக்காரரின் ஆட்கள் காட்டுக்கு ஏறினார்கள். அவர்களைக் கண்ட ஒரு சிறுமி ஓடிவந்து கௌரா தேவியிடம் சொன்னாள். இருபத்தேழு பெண்களும் சிறுமியருமாகக் காட்டுக்குப் போனார்கள். முதலில் பேச்சு: இந்தக் காடு எங்களுக்குத் தாய்வீடு, இதை வெட்டினால் மலை சரிந்து எங்கள்மேல் விழும், ஆண்கள் வரட்டும், பேசி முடிவு செய்யலாம். ஒருவர் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார். கௌரா தேவி நகரவில்லை. ஆட்கள் இறங்கினார்கள். அவர்கள் திரும்பி ஏறும் வழியிலிருந்த நடைபாலப் பலகையைப் பெண்கள் தள்ளிவிட்டு, இரவு முழுவதும் காவல் இருந்தார்கள்.

'தாய்வீடு' என்ற சொல்லைக் கவிதையாக மட்டும் படித்துவிடக் கூடாது. மணமான மலைப்பெண்ணுக்கு மாமியார் வீட்டில் உரிமை சொற்பம். நெருக்கடியில் கேட்டு வாங்கக்கூடிய இடம் பிறந்தகம். காட்டைத் தாய்வீடு என்றபோது கௌரா தேவி தம் சமூகத்தில் பெண்ணுக்குத் தெரிந்த உரிமைச்சொல் ஒன்றைத்தான் எடுத்தாண்டார். சட்டம் வேறு சொல்லைத் தந்திருக்கவில்லை. அன்று ரேணியில் நடந்தவற்றில் அணைப்பைவிடப் பேச்சும், வழிமறிப்பும், இராக்காவலும் பெரியவை. இவை யாவும் புல்வெளிச் சரிவைக் காத்துப் பழகியவர்களின் வழிமுறைகள்.

உத்தரப் பிரதேச முதலமைச்சர் ஹேமவதி நந்தன் பகுகுணா தில்லித் தாவரவியலாளர் வீரேந்திர குமார் தலைமையில் குழு அமைத்தார். அதன் அறிக்கையை ஏற்று, மேல் அலகநந்தா நீர்ப்பிடிப்பில் ஏறத்தாழ 1,200 சதுர கிலோமீட்டரில் பத்தாண்டுகளுக்கு மரம் வெட்டத் தடை வந்தது. 1977இன் இறுதியில் ஹென்வல் பள்ளத்தாக்கின் அத்வானிக் காட்டில் பெண்கள் மரங்களுக்கு ராக்கி கட்டினார்கள். அங்கே முன்னின்ற பச்னி தேவி ஊர்த்தலைவரின் மனைவி. அந்த ஊர்த்தலைவரே வெட்டுக்கு ஒப்பந்தம் எடுத்தவர். ஒரு வீட்டுக்குள்ளேயே காடு இரண்டு பக்கமாகப் பிரிந்தது. இதைவிடத் தெளிவாக அது வெளிப்பட்ட இடம், அதிகம் பேசப்படாத டுங்ரி பைத்தோலி.

சமோலி மாவட்டத்து ஊர் இது. 1980இல் அவ்வூர்ப் பாஞ்ச் காட்டை வெட்டி, அங்கே உருளைக்கிழங்கு விதைப்பண்ணை அமைக்க அரசுத் துறை ஒன்று முன்வந்தது. பதிலுக்குச் சாலை, மேல்நிலைப்பள்ளி, மருத்துவமனை, மின்சாரம். ஆண்கள் மட்டுமே இருந்த ஊர்க்குழு இசைந்தது. பெண்கள் மறுத்தார்கள். அந்தக் காடு போனால் விறகுக்கும் புல்லுக்கும் நாள்தோறும் மேலும் பல கிலோமீட்டர் நடக்க வேண்டும். பண்ணையில் கிடைக்கும் பணம் ஆண்களின் கைக்குப் போகும். ஊராண்கள் மிரட்டிப் பார்த்தார்கள். சிப்கோத் தொண்டர்கள் பெண்கள் பக்கம் நின்றார்கள். காடு வெட்டப்படவில்லை. அதற்குப் பிறகு அப்பெண்கள் ஊர்ப்பொது விவகாரங்களில் தங்களுக்கும் பங்கு கேட்டார்கள்.

இங்கே எதிரில் நின்றது சமவெளி ஒப்பந்தக்காரர் அன்று, வெள்ளை அரசும் அன்று. கேட்கப்பட்டதும் அற்பமானதன்று, சாலையும் மருத்துவமனையும் பெண்களுக்கும் வேண்டியவைதான், பேறுகாலத்தில் தொட்டிலில் சுமந்து மலையிறக்கப்படுபவள் பெண்தானே. ஆனால் அவற்றின் விலையைப் பெண்களின் கால்களிலிருந்து வசூலிக்க ஆண்கள் ஒப்புக்கொண்டார்கள், அவர்களைக் கேட்காமலேயே. காட்டைப் பயன்படுத்துபவர் யார், காட்டைப் பற்றிக் கையெழுத்திடுபவர் யார் என்னும் பிளவு ஊருக்குள்ளேயே இருப்பதை டுங்ரி பைத்தோலி காட்டிக்கொடுத்தது. ரேணியைப் போல இது புகழ்பெறாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எல்லாருக்கும் வசதியான வீரகதை ரேணி. இதுவோ வீட்டுச் சண்டை.

பின்னர் வந்த ஆய்வுகள் இரண்டு முனைகளில் நின்றன. 1988இல் வெளிவந்த நூலில் வந்தனா சிவா சிப்கோவைப் பெண்ணுக்கும் இயற்கைக்குமான ஆழ்ந்த உறவின் வெளிப்பாடாகக் கண்டார். 1989இல் ராமச்சந்திர குகா அதனை நூற்றாண்டுப் பழைமையுடைய உழவர் கிளர்ச்சி மரபின் தொடர்ச்சியாக எழுதினார். 2019இல் சேகர் பாடக் இந்தியில் எழுதிய விரிவான வரலாறு பல ஊர்களின், பல பெயர்களின் பங்கை ஒருங்கே சேர்த்தது. சிவாவின் வாசிப்பில் பெண்கள் இயற்கையின் மகள்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்களின் அன்றாடக் கணக்கும் கறாரும் மறைந்துபோகின்றன. குகாவின் வாசிப்பு உறுதியானது. ஆயினும் 'உழவர்' என்ற ஒற்றைச் சொல் டுங்ரி பைத்தோலியில் பிளந்துகொள்கிறது. வேலைப் பிரிவினை கொடுத்த அறிவு, அதிகாரம் தராத சட்டம் என்று பார்த்த பொருளியலாளர் பீனா அகர்வாலின் பார்வையே நமக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுகிறது. குஜராத்திலும் நேபாளத்திலும் ஊர்க்காட்டுக் குழுக்களை ஆராய்ந்து 2010இல் அவர் எழுதிய நூல், நிர்வாகக் குழுவில் பெண்கள் போதிய எண்ணிக்கையில் இருந்த இடங்களில் காடு நன்றாக மீண்டதைக் காட்டுகிறது. ஓரிருவரை அடையாளத்துக்கு அமர்த்தினால் அவர்கள் வாய் திறப்பதில்லை. கால்பங்கு, மூன்றில் ஒருபங்கு என்று ஆகும்போதுதான் பேசுகிறார்கள்.

இனி வெற்றியின் கதை. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரங்களை வணிகத்துக்காக வெட்டுவது பதினைந்து ஆண்டுகளுக்குத் தடுக்கப்பட்டது. காடு ஒப்பந்தக்காரரிடமிருந்து தப்பியது. ஆனால் ஊருக்குத் திரும்பி வரவில்லை, தில்லிக்குப் போனது. சிறு சாலைக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் வனநிலம் வேண்டுமென்றால் மத்திய அனுமதிக்குக் காத்திருக்க வேண்டிய நிலை. 1980களின் இறுதியில் குமாவூனில் மரங்களை வெட்டியே எதிர்ப்புக் காட்டும் கிளர்ச்சி நடந்தது என்றால் எவ்வளவு கசப்பு ஏறியிருக்க வேண்டும்!

ரேணிக்கு நேர்ந்தது இன்னும் கடுமை. அந்தப் பள்ளத்தாக்கின் மேல் உள்ள நந்தாதேவிப் பகுதி 1982இல் தேசியப் பூங்காவாயிற்று, 1988இல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று, அதே ஆண்டில் உலக மரபுச் சின்னமும் ஆயிற்று. ரேணி, லதா ஊரார் ஆடு மேய்க்கவும் மூலிகை எடுக்கவும் மலையேறுவோர்க்கு வழிகாட்டிப் பிழைக்கவும் போய்வந்த நிலம் அவர்களுக்கே மூடப்பட்டது. காட்டைக் காத்தவர்கள் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 1998இல் லதா ஊரார் 'ஜப்டோ சீனோ', பாய்ந்து பறித்துக்கொள் என்னும் பெயரில் தடையை மீறி உள்ளே நடந்தார்கள். அதற்குள் கௌரா தேவி மறைந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன.

ரேணியின் அடியில் ரிஷிகங்கா நீர்மின் நிலையம் எழுந்தது. வெடிவைப்புகளைப் பற்றி ஊரார் 2019இல் உயர்நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். 2021 பிப்ரவரி 7 அன்று ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்து பெருவெள்ளமாக வந்து, அந்த நிலையத்தையும் கீழே தபோவனத்து அணைப்பணியையும் அழித்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர், அல்லது காணாமற்போயினர். அவ்வாண்டு ஜூனில் ஆறு கரையை அரித்து ஊர் நிலம் வெடித்தபோது, கௌரா தேவியின் சிலையைப் பெயர்த்து ஜோஷிமத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் உத்தராகண்ட் அரசு 'கசியாரி' நலத்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கசியாரி என்றால் புல்லறுக்கும் பெண். அவளது சுமையைக் குறைக்கப் பொட்டலத் தீவனத்தைச் சலுகை விலையில் கொடுக்கும் திட்டம். சுமை குறைவது நல்லதுதான். புல் விளையும் நிலத்தைப் பற்றி அதில் பேச்சில்லை.

2022 ஜூலை 15 அன்று, ஜோஷிமத்துக்குக் கீழே ஹேலங்கில், தலையில் புல்லுக்கட்டோடு வந்த பெண்களைக் காவல்துறையினரும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினரும் மறித்துக் கட்டுகளைப் பிடுங்கினார்கள். அந்த இடத்தை மேய்ச்சல் நிலம் என்று பெண்கள் சொன்னார்கள். நீர்மின் திட்டச் சுரங்கத்தின் மண்ணைக் கொட்டும் இடம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். காணொளி நாடெங்கும் பரவியது. அங்கே விளையாட்டு மைதானம் அமையப்போகிறது, அதற்கு ஊரார் இசைவு இருக்கிறது என்று நிர்வாகம் விளக்கியது. டுங்ரி பைத்தோலியைப் படித்தவர்களுக்கு 'ஊரார்' என்ற சொல்லில் யார் யார் அடங்குவர் என்று கேட்கத் தோன்றும். அப்பெண்கள் ஜோஷிமத் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அபராதம் விதிக்கப்பட்ட பின்னரே விடுவிக்கப்பட்டார்கள்.